ஷோரூமில் பேசிய விலை ஒன்று, பில்லில் வந்த விலை ஒன்று: வாசகர் கேள்விகள்

புது கார் வாங்கப்போய், பேசிய விலைக்கு மேல் என்னென்னவோ சேர்ந்துவிட்டது என்று எழுதியவர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், விஷயத்தை மாற்றவில்லை.

கேள்வி: விலை பேசி முடித்து முன்பணமும் கட்டிவிட்டேன். டெலிவரிக்கு முந்தின நாள் வந்த பில்லில் அண்டர்பாடி கோட்டிங், செராமிக் கோட்டிங், டயருக்கு நைட்ரஜன், டாக்குமென்ட் கட்டணம், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று வரிசையாக நிற்கிறது. கேட்டால், "எல்லாம் வண்டியில போட்டாச்சு சார், இனிமே எடுக்க முடியாது" என்கிறார்கள். நான் கட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் கேட்காத ஒன்றை அவர்களாகப் போட்டிருந்தால் அது அவர்கள் எடுத்த முடிவு, செலவும் அவர்களுடையதுதான். கையெழுத்துப் போடாத வரை உங்கள் பக்கம் பலம் இருக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள்.

அந்தப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இந்தப் பணம் யாருக்குப் போகிறது?" என்று எழுதிப் பாருங்கள். வரி, பதிவுக் கட்டணம் போன்றவை அரசுக்குப் போகும். அவற்றில் பேரம் கிடையாது, ஆனால் அரசு ரசீதில் இருக்கும் தொகையும் பில்லில் இருக்கும் தொகையும் ஒன்றுதானா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரசுக் கட்டணத்தோடு தங்கள் சேவைக் கட்டணத்தையும் ஒரே வரியில் கலந்து எழுதிவிடும் டீலர்கள் இருக்கிறார்கள். அடுத்தது, தொழிற்சாலையிலிருந்து வண்டியைக் கொண்டுவரும் செலவு. அது கம்பெனியின் விலைப்பட்டியலிலேயே ஏதாவது ஒரு வகையில் சேர்ந்திருக்கும். அதற்கு மேல் ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்று வேறு பெயரில் மறுபடி வந்தால், ஒரே வேலைக்கு இரண்டு தடவை கேட்கிறார்கள் என்று அர்த்தம். டெலிவரிக்கு முன்னால் வண்டியைக் கழுவிச் சரிபார்க்கும் வேலைக்கும் பல கம்பெனிகளே டீலருக்குப் பணம் கொடுத்துவிடுகின்றன, அதையும் உங்களிடம் கேட்பது நியாயமில்லை.

டாக்குமென்ட் கட்டணம் டீலர் தானே வைத்துக்கொள்ளும் தொகை. "இது எல்லா கஸ்டமருக்கும் ஒரே மாதிரி, எடுக்க முடியாது" என்பார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். சரி, அந்த வரி அப்படியே இருக்கட்டும், அதே அளவு தொகையைக் காரின் விலையில் குறைத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது மொத்தம் இறங்குவது, அது எந்த வரியில் இறங்கினால் என்ன?

"போட்டாச்சு" என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. போடாத வண்டி இருந்தால் அதைக் கேட்கலாம். அல்லது, போட்டதை விலை இல்லாமல் தரச் சொல்லலாம். இரண்டுக்கும் இணங்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த ஷோரூமுக்குப் போகலாம். இந்த மூன்றாவது வழிக்கு நீங்கள் உண்மையாகவே தயாராக இருக்க வேண்டும். நீங்கள் எழுந்து போகமாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டால் முதல் இரண்டையும் பேச்சுக்குக்கூட எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஷோரூமுக்குப் போகும் முன்பே, வண்டியைக் கையில் வாங்கும்போது நான் மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்பேன், அதில் என்னென்ன அடக்கம் என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மெயிலோ வாட்ஸ்அப்போ, எதில் வந்தாலும் போதும். நேரில் வாங்க பேசிக்கலாம் என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிற டீலரிடம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. முன்பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: டயரில் நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடும், டயர் அதிக நாள் உழைக்கும் என்கிறார்களே?

நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் டயரிலிருந்து கொஞ்சம் மெதுவாகக் கசியும் என்பது உண்மை, பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் அதைப் பயன்படுத்தக் காரணங்கள் இருக்கின்றன. தினசரி ஓட்டும் காருக்கு மாதம் ஒரு முறை காற்றழுத்தத்தைச் சரிபார்த்தால் அந்தப் பலன் முழுவதும் கிடைத்துவிடும். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: துரு பிடிக்காமல் இருக்க அண்டர்பாடி கோட்டிங்கும், பெயின்ட் மங்காமல் இருக்க செராமிக் கோட்டிங்கும் அவசியம் என்று சேல்ஸ்மேன் பயமுறுத்துகிறார். உண்மையிலேயே தேவையா?

இப்போது வரும் கார்களின் பாடியில் பெரும்பகுதி துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அதோடு முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்தி ஒரு பிரைமர் படலமும் ஏற்றித்தான் மேலே பெயின்ட் அடிக்கிறார்கள். துரு அரித்துத் தகட்டில் ஓட்டை விழாது என்று பல கம்பெனிகள் தனி வாரண்டியும் தருகின்றன. அந்த வாரண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, துரு பற்றிய பக்கத்தைப் படியுங்கள், வெளியில் தனியாகக் கோட்டிங் தேவையில்லை என்று அதிலேயே போட்டிருப்பதும் உண்டு. கடலோரத்தில் அல்லது பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரில் ஓட்டுகிறீர்கள் என்றால் கூடுதல் பாதுகாப்பு யோசிக்கத் தகுந்ததுதான். ஆனால் அதை யார் செய்கிறார்கள் என்பது ரொம்ப முக்கியம், கதவிலும் பாடியின் அடியிலும் தண்ணீர் வடியவென்று விட்டிருக்கும் துளைகளை அடைத்துவிட்டால் துரு குறையாது, கூடும்.

செராமிக் கோட்டிங் மோசமான பொருள் இல்லை. நன்றாகப் போட்டால் தண்ணீர் நிற்காது, கழுவுவது சுலபம், பளபளப்பு இருக்கும். ஆனால் கல் தெறித்து விழும் அடியையோ ஆழமான கீறலையோ அது தடுக்காது. பெயின்ட்டின் மேல் அடுக்கான கிளியர் கோட்டே பல கார்களில் 40, 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுதான், செராமிக் அதைவிட எவ்வளவோ மெல்லிய படலம். கல் அடிக்குத் தாங்குவது பெயின்ட்டின் மேல் ஒட்டும் ஃபிலிம். செராமிக்கை முறையாகப் போட வண்டியைச் சுத்தமாகக் கழுவி, மேலே ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்து, பாலிஷ் செய்து, பூசி, காயவும் விட வேண்டும். நேற்று லாரியிலிருந்து இறங்கிய வண்டிக்கு இன்று காலையில் செராமிக் போட்டுவிட்டோம் என்றால், எந்தப் பொருள், எத்தனை அடுக்கு, யார் போட்டது, உத்தரவாதம் எங்கே என்று கேளுங்கள். வேண்டுமென்றால் வண்டியை எடுத்த பிறகு, இதே வேலையைத் தொழிலாகச் செய்யும் கடைகளில் விலை விசாரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகள் முதல் கார் வாங்குகிறாள். "இதையெல்லாம் சேர்த்தாலும் மாதத் தவணை குறையத்தான் செய்கிறது" என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவளும் சம்மதித்துவிட்டாள். எனக்கு ஏதோ உறுத்துகிறது.

உங்கள் உறுத்தல் சரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் போகும் இடம் இதுதான்.

100000 கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 2076. இப்போது 10000 மதிப்புள்ள கூடுதல் சாமான்களைச் சேர்த்துக் கடனை 110000 ஆக்கி, காலத்தை 7 வருடமாக நீட்டிப் பாருங்கள். தவணை சுமார் 1770 ஆகிவிடும். மாதம் 300க்கு மேல் குறைந்திருக்கிறது, பொருளும் கூட வந்திருக்கிறது, கேட்கிறவருக்கு லாபம் போலத்தான் தெரியும். ஆனால் முதல் கணக்கில் கட்டி முடிக்கும்போது மொத்தம் சுமார் 124600, இரண்டாவதில் சுமார் 148700. அதாவது 24000க்கு மேல் அதிகம். போதாததற்கு, கடைசி இரண்டு வருடம் பழசாகிப்போன காருக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பாள்.

காலத்தை நீட்டாவிட்டாலும் செலவு இருக்கிறது. அதே வட்டியில் 5 வருடக் கடனில் சேர்க்கும் ஒவ்வொரு 1000மும் கட்டி முடிக்கும்போது சுமார் 1245 ஆகும். ஒரு சீட் கவரையும் மேட்டையும் யாராவது ஐந்து வருட வட்டிக்கு வாங்குவார்களா? கார் கடனுக்குள் போட்டுவிட்டால் அப்படித்தான் வாங்குகிறோம், தெரியாமலே.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று அவர்கள் கேட்டால் எண்ணைச் சொல்லக் கூடாது. அந்த எண் கிடைத்ததும் மற்ற எல்லாவற்றையும் அதற்குள் பொருத்திவிடுவார்கள். முதலில் காரின் விலை, அது முடிந்ததும் பழைய வண்டி கொடுப்பதாக இருந்தால் அதன் விலை, அதன் பிறகு கடன், கடைசியாகத்தான் கூடுதல் பொருட்கள் என்று தனித்தனியாகப் பேச வேண்டும். வட்டி விகிதம், காலம், மொத்தம் கட்டும் தொகை மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே ஒரு வங்கியில் கடன் விசாரித்து வைத்திருந்தால் ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும், டீலர் தரும் வட்டி அதைவிடக் குறைவாக இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். கையெழுத்துப் போடவில்லை என்றால் இப்போதும் மாற்றலாம், சம்மதம் சொன்னதற்காகச் சங்கடப்படத் தேவையில்லை.

கேள்வி: எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்றைக்கே எடுத்தால்தான் இந்த விலை என்கிறார்கள். எடுக்கலாமா?

இன்றைக்கே என்று சொன்னால் இன்றைக்கு வேண்டாம். கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுதான் அது பெரும்பாலும் வேலைக்கு வரும், அதனால் கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்க அனுமதிக்கும் திட்டங்கள் பல இருக்கின்றன. வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எடுப்பதானால், பின்னால் நிற்பது கார் கம்பெனியா அல்லது நீங்கள் கேள்விப்படாத வேறு நிறுவனமா என்று முதலில் பாருங்கள். நான் கம்பெனியின் சொந்தத் திட்டத்தைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்கத் தயங்குவேன். அப்புறம், எது எதற்குப் பொருந்தாது என்ற பட்டியலைப் படியுங்கள், விளம்பரத் தாளை விட அந்தப் பட்டியல்தான் முக்கியம். ஒவ்வொரு ரிப்பேருக்கும் நீங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், வண்டியை விற்றால் அடுத்தவருக்கு மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள். மின்சாரக் கார் என்றால் பேட்டரிக்குக் கம்பெனியே தனியாக நீண்ட வாரண்டி தந்திருக்கும், பல கம்பெனிகளில் 8 வருடம் வரை. அதற்கே மறுபடி பணம் கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஆக்சஸரீஸ் வெளியில் வாங்கினால் வாரண்டி போய்விடும் என்கிறார்களே?

வெளியில் வாங்கிய ஃபுளோர் மேட்டால் எந்த வாரண்டியும் போகாது. வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டத்துக்காக வயரை வெட்டி ஒட்டி, அதனால் மின்சாரக் கோளாறு வந்தால் அந்தக் கோளாறுக்கு வாரண்டி மறுக்கப்படலாம், அது நியாயமும்கூட. அமெரிக்காவில் 1975ல் வந்த சட்டம் ஒன்று, குறிப்பிட்ட பிராண்டின் பாகத்தையோ குறிப்பிட்ட கடையின் சர்வீஸையோ பணம் கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. வெளியில் வாங்கினால் வாரண்டி போய்விடும் என்று உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு பேர் ஏமாறும்போது அரசாங்கங்கள் ஏன் சும்மா இருக்கின்றன?

சும்மா இல்லை, ஆனால் போதவும் இல்லை. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் விலை விவரச் சீட்டு ஒட்டியே ஆக வேண்டும் என்று 1958லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே டீலர் தன் கூடுதல் சாமான்களுக்கு இன்னொரு சீட்டு ஒட்டுவது பிறகு வழக்கமாகிவிட்டது. பிரயோஜனம் இல்லாத கூடுதல்களைத் தலையில் கட்டுவதையும் மொத்த விலையை மறைப்பதையும் தடுக்க அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன, விதியை உருவாக்கிய நடைமுறையில் குறை என்று சொல்லி 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தந்த தீர்ப்பு.

எனக்குப் பிடித்த ஏற்பாடு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறது. காரோடு சேர்த்து விற்கும் ஒருவகை இன்சூரன்ஸை, விவரம் கொடுத்த அன்றைக்கே விற்கக் கூடாது என்று பிரிட்டன் 2015ல் விதி போட்டது. பொருளோடு சேர்த்துத் தலையில் கட்டும் இன்சூரன்ஸ்களுக்கு ஆஸ்திரேலியா 2021ல் 4 நாள் இடைவெளி வைத்தது. வீட்டுக்குப் போய் ஒரு இரவு தூங்கி எழுந்து யோசிக்க மனிதருக்கு நேரம் கிடைக்கிறது. உங்கள் நாட்டில் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த இடைவெளியை நீங்களே வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது.

கேள்வி: எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இப்போதுதான் பில்லைப் படித்தேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

காரைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் முடியாது. ஆனால் எக்ஸ்டெண்டட் வாரண்டி, கூடுதல் இன்சூரன்ஸ், சர்வீஸ் பேக்கேஜ் போன்றவை தனித்தனி ஒப்பந்தங்கள். அவற்றில் பலவற்றை ரத்து செய்யலாம், ஆரம்ப நாட்களிலேயே செய்தால் முழுப் பணமும், பிறகு என்றால் மீதிக் காலத்துக்கான பணமும் திரும்பக் கிடைக்கும் வகையில் எழுதப்பட்டிருக்கும். ரத்து பற்றிய பத்தியைக் கண்டுபிடித்து, அதில் சொல்லியிருக்கும் முகவரிக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள். டீலரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் நாட்கள் ஓடிவிடும். அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் பூசிய கோட்டிங்குக்குப் பணம் திரும்புவது கஷ்டம், ஆனால் பில்லில் போட்டிருந்தும் வண்டியில் இல்லாத பொருள் ஏதாவது இருந்தால் அதற்குக் கண்டிப்பாகக் கேட்கலாம், பில்லோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கடனில் வாங்கியிருந்தால் திரும்ப வரும் பணம் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராமல் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போய் அசலில் கழியும். மாதத் தவணை அப்படியே இருக்கும், கடன்தான் சீக்கிரம் முடியும். அதனால் தவணை குறையவில்லையே என்று பயப்படாமல், ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் கணக்கு விவரத்தை வாங்கி அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் ரத்துக் கடிதத்தின் நகலோடு கடன் நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள்.