குதிரைக் கதை எழுதும் மகளுக்குக் கால்நடை மருத்துவம் எதற்கு?

அந்தியூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அறிவியல் பிரிவு, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நோட்டு நோட்டாக ஒரு கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆடி மாதக் குதிரைச் சந்தையில் தொலைந்துபோகும் ஒரு குட்டியைப் பற்றி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் படிப்பதற்காக எழுதும் நாவல் அது. “எழுத்தாளர் ஆகவேண்டும் என்கிறாள், எங்களுக்குப் பயமாக இருக்கிறது” என்கிறார் தாய். தாய்மாமன் ஒரு தீர்வு சொல்லியிருக்கிறார்: குதிரை பிடிக்கும் என்றால் கால்நடை மருத்துவம் படிக்கட்டும், டாக்டர் என்ற பெயரும் கிடைக்கும். இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. வெளிமாநிலத் தனியார் கல்லூரி ஒன்றில் 15 லட்சத்துக்கு முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து பேசியிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் தம்பி சொன்ன தீர்வு தவறானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கால்நடை மருத்துவம் அருமையான படிப்பு. மாட்டின் வயிற்றில் கைவிட்டுக் கன்றைத் திருப்பும் வேலைக்கு அஞ்சாத, அதற்காகவே ஏங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய இடம் அது. பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். முடித்து வெளியே வந்தால் நம் ஊர்ப்பக்கம் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பசு, ஆடு, கோழி. குதிரை எப்போதாவது ஒன்று வரும். உங்கள் மகள் குதிரைக்கு ஊசி போடவேண்டும் என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறாளா? நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். குட்டியின் காலில் முள் குத்திய இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறாள். குட்டியை ஒளித்துவைத்த சிறுவன் தன் தாத்தாவிடம் பொய் சொல்லத் தவிக்கிற இடத்துக்கு ஆறு பக்கம் கொடுத்திருக்கிறாள். அவளுடைய நாட்டம் எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அவளை இழுப்பது கதை. குதிரை அந்தக் கதைக்குள் நிற்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வங்கிக் கல்விக் கடன் பொதுவாக ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பார்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே வீட்டின் பத்திரம். பத்து விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், முழுத் தொகையும் வாங்கிய பிறகு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வட்டிக்கு மட்டுமே போகும். விசைத்தறிக் கூலியில் அதை எப்படிக் கட்டுவீர்கள்? மகள் கேட்காத படிப்புக்காக வீட்டை அடகு வைக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். “இடம் போய்விடும்” என்று அவசரப்படுத்துவார். போகட்டும்.

பொறியியல், நர்சிங், பி.காம். பற்றியெல்லாம் நான் இங்கே பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்க்காத வழி ஒன்று இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் அல்லது ஆங்கில இலக்கியம் படிப்பது, அந்த மூன்று ஆண்டுகளில் சிறார் நாவல் எழுதுவதை ஒரு தொழிலாகக் கற்றுக்கொள்வது. கல்லூரிச் செலவு உங்கள் கைக்குள் அடங்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அந்தப் பணத்தைப் புத்தகத்துக்கும் பஸ் செலவுக்கும் அவளே வைத்துக்கொள்ளட்டும்.

“எழுதுவதை எப்படிக் கற்றுக்கொள்வது? அது தானாக வருவதல்லவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக வருவது ஆசை மட்டும்தான், அம்மா. மற்றதெல்லாம் உழைப்பு.

அமெரிக்காவில் மார்கரீட் ஹென்றி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். வர்ஜீனியா கடற்கரையில் சின்கோட்டீக் என்றொரு தீவு. பக்கத்துத் தீவில் திரியும் மட்டக்குதிரைகளை ஆண்டுதோறும் ஜூலையில் கால்வாய் வழியே நீந்தவைத்து இங்கே ஓட்டி வந்து, குட்டிகளை ஏலம் விடுவார்கள். 1946-இல் அதைப் பார்க்கப் போன ஹென்றி, அங்கே ஒரு வீட்டுப் பண்ணையில் பிறந்திருந்த மிஸ்டி என்ற குட்டியைப் பார்த்தார். அதை விலைக்கு வாங்கி, இல்லினாயில் இருந்த தன் வீட்டுக்கே வரவழைத்து வளர்த்தார். மறு ஆண்டு அந்தக் குட்டியைப் பற்றிய நாவல் வந்தது. நாவலில் மிஸ்டி காட்டுக் குதிரையின் குட்டி. உண்மையில் அது தொழுவத்தில் பிறந்தது. ஆனால் அந்தத் தீவும் ஏலமும் குட்டியின் குறும்பும் அவர் கண்ணால் பார்த்தவை. கதையில் வரும் இரண்டு பிள்ளைகள்கூட அந்தப் பண்ணை வீட்டின் பேரப்பிள்ளைகள்தான். பிறப்பை மாற்றியது கற்பனை. அந்தக் கற்பனையைப் பிள்ளைகள் நம்பியதற்குக் காரணம், சுற்றியிருந்த எல்லாம் நேரில் பார்த்து எழுதப்பட்டிருந்ததுதான்.

உங்களுக்குக் குட்டி வாங்கும் வசதி இல்லை, தேவையும் இல்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை உங்கள் வாசலில் நடக்கிறது. எத்தனையோ பேர் படத்தில் மட்டுமே பார்க்கிற கத்தியவார், மார்வாரிக் குதிரைகள் அங்கே கயிற்றில் கட்டி நிற்கும். காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் குதிரைகள் அவை. இந்த ஆடியில் அப்பாவோ நீங்களோ அவளோடு போங்கள். அரை நாள் ஒரே இடத்தில் நிற்கவிடுங்கள். வியாபாரி சுழி பார்த்து விலை பேசுவதை, பல்லைப் பிரித்து வயது சொல்வதை, லாடம் அடிப்பவர் குளம்பை மடியில் வைத்துச் சீவுவதை அவள் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குதிரை எதற்கு மிரள்கிறது என்று கொட்டடிக்காரரிடம் கேட்கட்டும். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால்தான் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருகிறவன் உதை வாங்குகிறான். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. ஆகவே வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நின்றபடியே உறங்கும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். உங்கள் மகளின் மூன்றாம் அத்தியாயத்தில் குட்டி இரவு முழுவதும் கண்கொட்டாமல் நின்று காவல் காக்கிறது. அதைத் திருத்தவேண்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். குதிரையோடு வளர்ந்த ஒரு பிள்ளை படித்தால், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடும்.

அடுத்தது, யார் கதை சொல்வது என்ற கேள்வி. அவள் சில அத்தியாயங்களைக் குட்டியின் வாயால் சொல்கிறாள். இந்த வழியில் பெரும்பேர் பெற்ற நாவல் இங்கிலாந்தின் அன்னா சீவெல் 1877-இல் வெளியிட்ட ‘பிளாக் பியூட்டி’. பதினான்கு வயதில் கணுக்காலில் அடிபட்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் நடப்பதற்குச் சிரமப்பட்டவர் அவர். எங்கே போவதென்றாலும் குதிரை வண்டிதான். கடைசி ஆண்டுகளில் படுக்கையில் இருந்தபடி தாளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினார், தாய் அதைப் படியெடுத்தார். 1871-இல் தொடங்கிய சிறிய நாவல் முடிய ஆறு ஆண்டுகள் ஆயின. வண்டிக் குதிரையின் தலை அழகாக நிமிர்ந்து தெரியவேண்டும் என்பதற்காக வாரால் இழுத்துக் கட்டிவைக்கும் கொடுமையை, அந்த வலியைச் சுமந்த குதிரைகளின் வாயாலேயே சொன்னார். உங்கள் மகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. குட்டி பேசலாம். ஆனால் தான் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, பட்டது இவற்றை மட்டுமே அது சொல்லவேண்டும். இரண்டாம் நோட்டில் குட்டிக்கு ஏலத் தொகையும் பஸ் நேரமும் தெரிந்திருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் அத்தியாயம் இன்னும் நன்றாக வரும்.

எழுதியதைத் தெருப்பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பத்தியில் நெளிகிறார்கள், எங்கே “அப்புறம்?” என்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் “நல்லாயிருக்கு” என்று சொல்வதால் அவளுக்குப் பயன் இல்லை.

இனி வருமானம். இதில் உங்களுக்கு ஆறுதல் சொல்லமாட்டேன். 150 ரூபாய் விலையில் ஒரு சிறார் நாவல் 1,000 பிரதி விற்று, எழுத்தாளருக்கான பங்காக, அதாவது ராயல்டியாக, பத்து விழுக்காடு கிடைத்தால் 15,000 ரூபாய். இரண்டு ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான். சாகித்ய அகாதெமி 2010 முதல் வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் போன்ற விருதுகள் இருக்கின்றன, ஆனால் விருதை நம்பி யாரும் வீடு நடத்த முடியாது. எனவே கையில் ஒரு வேலை வேண்டும். இலக்கியப் பட்டத்தோடு பி.எட். முடித்து ஆசிரியர் ஆகலாம். சென்னையின் தூலிகா, தாரா, பெங்களூரின் பிரதம் புக்ஸ் போன்ற சிறார் பதிப்பகங்களின் உலகத்தில் மொழிபெயர்ப்பு, எடிட்டிங், மெய்ப்புப் பார்த்தல் என்று வேலைகள் உண்டு. இரண்டு மொழியும் சுத்தமாக எழுதத் தெரிந்தவர்கள் அங்கே அதிகம் இல்லை. தமிழ் இலக்கியம் எடுத்தால் ஆங்கிலத்தையும், ஆங்கிலம் எடுத்தால் தமிழையும் விடாமல் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். முதல் உலகப் போரில் சிக்கிய குதிரையைப் பற்றி 1982-இல் நாவல் எழுதிய இங்கிலாந்து எழுத்தாளர் மைக்கேல் மார்பர்கோ பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு நகரப் பிள்ளைகளுக்காக மனைவியோடு பண்ணை நடத்தியவர். அந்தப் பண்ணைக்கு வந்த திக்குவாய்ச் சிறுவன் ஒருவன் குதிரையிடம் தடையில்லாமல் பேசியதைக் கேட்டதுதான் அந்த நாவலை எழுதும் துணிவை அவருக்குத் தந்தது. நாவல் நாடகமாகிப் பெரும் புகழ் பெற்றது 2007-இல். பிழைப்புக்கான வேலை எழுத்துக்குப் பகை என்று மகள் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வயதைப் பற்றிய கவலைக்கும் ஒரு பதில். கறுப்புக் குதிரை நாவல்களால் அமெரிக்கச் சிறுவர்களைக் கவர்ந்த வால்டர் ஃபார்லி, முதல் கதையைப் பள்ளி நாளிலேயே தொடங்கிவிட்டார். அது அச்சில் வந்த 1941-இல் அவருக்கு 26 வயது ஆகியிருந்தது. உங்கள் மகளுக்குப் பதினேழு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புத்தகம் போட எழுத்தாளரிடமே பணம் கேட்கும் ஆட்கள் வருவார்கள். 40,000 கொடுங்கள், வெளியீட்டு விழாவும் சான்றிதழும் தருகிறோம் என்பார்கள். ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. ஆறு மாத ‘படைப்பெழுத்துச் சான்றிதழ்’ வகுப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டவும் வேண்டாம். உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்கவும் கூடாது. சீவெல் தன் நாவலை ஒரு சிறு தொகைக்கு விற்றுவிட்டு, புத்தகம் வந்த சில மாதங்களில் இறந்துபோனார். பின்னால் அது உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. நம் நாட்டில் எழுத்தாளர் வாழும் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. உரிமை ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் கால அளவு, ராயல்டி, மொழிபெயர்ப்பு உரிமை மூன்றையும் படித்துப் பார்க்கட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் சிறுகதைகளை இலவசமாக ஏற்றிப் பழகலாம். அங்கே ஏற்றியதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் நாவலை ஏற்றவேண்டாம்.

உங்கள் தம்பியிடம் நீங்கள் பேசத் தயங்கினால் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டுங்கள். மகளிடமும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நாவலின் முழுப் பிரதி ஒன்று திருத்தி முடிந்திருக்க வேண்டும், பட்டத்தில் எந்தப் பாடமும் நிலுவை இருக்கக்கூடாது. நாவல் முடியவில்லை என்றால் அவள் பி.எட். சேரட்டும். அப்போதும் உங்கள் வீட்டுப் பத்திரம் உங்களிடமே இருக்கும். கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள். சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தாள் என்பதற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.