பன்னிரண்டு நாள் விடுப்பும் ஒரு தாமரைக் குளமும்

கேள்வி: கடந்த ஓராண்டில் நீங்கள் மேற்கொண்ட பயணங்களையும் சாகசங்களையும் திரும்பிப் பார்த்தால் எது மனத்தில் நிற்கிறது?

சாகசம் என்ற சொல்லைப் பார்த்ததும் இந்தக் கேள்வி எனக்கில்லை என்று கடந்துபோகத்தான் நினைத்தேன். தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வயது 51. பனிமலை ஏறியதில்லை, விமானத்திலிருந்து குதித்ததும் இல்லை. என் கையில் இருப்பதெல்லாம் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. டிசம்பர் 31 தாண்டினால் மிச்சமிருப்பது போயே போய்விடும். அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. இத்தனை ஆண்டுகளாக அந்த நாட்களைக் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் என்றே கரைத்துவந்தேன். 2024 ஜனவரியில் மட்டும் எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. இந்த ஆண்டுப் பன்னிரண்டும் ஊர் சுற்றத்தான் என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி, "முதலில் மாடி ஏறும்போது மூச்சு வாங்காமல் ஏறுங்கள்" என்றாள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஹம்பிக்கு 3, வெள்ளியங்கிரிக்கு 2, முத்துப்பேட்டைக்கு 1, தனுஷ்கோடிக்கு 1, புதுக்கோட்டைக்கு 3. மீதி 2 நாளைக் காய்ச்சல் எடுத்துக்கொண்டது.

இதில் பணம் அதிகம் செலவானது ஹம்பிக்கு. அதைப் பற்றித்தான் எழுத எனக்கு அதிகம் இல்லை. பெங்களூரு போய், அங்கிருந்து இரவு ரயிலில் ஹொசப்பேட்டையில் இறங்கி, குடும்பத்தோடு இரண்டு நாள் ஆட்டோவில் சுற்றினோம். ஆட்டோக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவரிடம் ஓர் அட்டை இருந்தது. பார்க்கவேண்டிய இடங்களெல்லாம் அதில் வரிசை எண்ணோடு அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வோர் இடத்துக்கும் இருபது நிமிடம். விட்டலர் கோயில் கல்தேருக்கு முன்னால் மகள் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டிப் பிடித்து, தாளின் பின்புறம் இருக்கும் தேரையும் எதிரே நிற்கும் தேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்தக் காட்சி ஒன்றுதான் தெளிவாக நினைவிருக்கிறது. ஊர் திரும்பிப் படங்களைப் புரட்டினால் எந்த மண்டபம் எங்கே இருந்தது என்று மூவருக்குமே தெரியவில்லை. விஜயநகரம் பாவம், குற்றம் அதன் மேல் இல்லை.

வெள்ளியங்கிரி வேறு கதை. ஏழு மலை, பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுவார்கள். மார்ச் மாதக் கடைசியில் ஓர் ஞாயிற்றுக்கிழமை இரவு பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, அலுவலக நண்பர்கள் இருவரோடு கிளம்பினேன். ஏழில் முதல் மலைதான் ஆளைச் சோதிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக நினைத்தேன். படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். கால் எதற்கும் பழகுவதில்லை. கைதட்டிச் சுனையைத் தாண்டியதும் வலது முட்டி தனியாகப் பேச ஆரம்பித்தது. நண்பர்களை மேலே அனுப்பிவிட்டுச் சுக்குக் காப்பிக் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டி எழுபது வயதுக்காரர் ஒருவர் வெறுங்காலோடு போனார். என்னைப் பார்த்து, "என்ன தம்பி, முட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

விடிந்ததும் இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை என்று யாரும் சொல்லவில்லையே என்று திட்டிக்கொண்டே, தடியை இரண்டு படி கீழே ஊன்றி, நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினேன். அந்தத் திங்கட்கிழமை ஒரு விடுப்பு. செவ்வாய்க்கிழமை இன்னொன்று, அது பயணத்துக்கு அல்ல, அலுவலக மாடிப்படிக்குப் பயந்து. உச்சியில் சிவன் எப்படி இருக்கிறார் என்று நண்பர்கள் சொல்லித்தான் தெரியும்.

சாகசம் என்று எழுத ஏதாவது இருக்கிறதென்றால் அது முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டில் நடந்தது. ஜாம்புவானோடையிலிருந்து படகில் கிளம்பினோம். நான், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், படகோட்டி. போகும்போது எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. திரும்பும்போது நேரத்தைச் சற்றுத் தவறவிட்டுவிட்டோம். கடல்நீர் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. ஒரு வளைவில் படகின் அடி 'சரக்' என்று உரசியது. படகோட்டி இறங்கித் தள்ளினார். அவர் கால் சேற்றில் முழங்கால்வரை புதைந்ததே தவிர, படகு அசையவில்லை. எல்லாரையும் பின்பக்கம் வந்து உட்காரச் சொன்னார். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, "தண்ணீர் ஏறினால்தான் சார்" என்றார். எப்போது ஏறும் என்றேன். "அது வரும்போது வரும்."

இரண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரம் எல்லாரும் கைப்பேசியை உயர்த்தி உயர்த்திப் பார்த்தோம். பிறகு பேசாமலிருந்தோம். அப்போதுதான் காடு கண்ணுக்குத் தெரிந்தது. சேற்றிலிருந்து விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் மேல்நோக்கிக் குத்திட்டு நின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் மூச்சுவிட அவற்றை வெளியே நீட்டியிருக்கிறது. இடையிடையே சின்ன நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கள் நிழல் அசைந்தால் உள்ளே மறைந்தன. படகோட்டி ஒரு மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், தொடாதீர்கள் என்றார். தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம். கோயிலில் எத்தனையோ முறை 'தில்லை அம்பலம்' என்று பாடக் கேட்டிருக்கிறேன். அந்த மரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததில் பட்டுப்போன மரங்களையும் காட்டினார். புயலை நாங்களும் தஞ்சாவூரில் பார்த்தவர்கள்தான். ஆனால் தென்னைக்காக அழுதோமே தவிர, இந்த மரங்களைப் பற்றி எங்களில் யாரும் பேசியதாக நினைவில்லை.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. நான் தினமும் பாலத்தில் கடக்கும் வெண்ணாறுதான் நீடாமங்கலத்துக்கருகில் மூணாறு தலைப்பு என்ற மதகில் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து இங்கே வந்து சேர்கிறது. என் வீட்டு வாசலில் ஓடும் ஆறு எங்கே போய் முடிகிறது என்பதை 51 வயதில், படகு சேற்றில் மாட்டிக்கொண்டதால் தெரிந்துகொண்டேன்.

தண்ணீர் ஏறியதை முதலில் பார்த்தது அந்தக் குடும்பத்துச் சிறுவன். வெகுநேரமாக ஒரே இடத்தில் கிடந்த காய்ந்த இலை ஒன்று மெல்ல நாங்கள் வந்த திசைக்கு எதிராக நகர்ந்தது. "அண்ணா, இலை திரும்பிப் போகிறது" என்று படகோட்டியிடம் கத்தினான். அவர் பீடியை அணைத்தார்.

தனுஷ்கோடியை இரண்டு வரியில் முடிக்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு ஒரு ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன ஊர் அது. இடிந்த மாதா கோயில் சுவரில் சாய்ந்தபடி சிரித்துப் படமெடுக்கும் வரிசையில் எனக்கு நிற்கப் பிடிக்கவில்லை. போகும் வழியில் பாம்பனில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததே மேல். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்தில் புதுப்பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்றவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரும் ஒரே மேசையில் இருப்பதுபோல இருந்தது. அலுவலகக்காரனுக்கு உவமையும் அப்படித்தான் வரும்.

இனி புதுக்கோட்டை. இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

தஞ்சாவூரிலிருந்து ஒரே பஸ். கந்தர்வக்கோட்டை, ஆதனக்கோட்டை, பெருங்களூர், புதுக்கோட்டை. தணிக்கை வேலையாக இந்த வழியில் எத்தனை முறை போயிருக்கிறேன் என்று எண்ணமுடியாது. சித்தன்னவாசல் பெயர்ப் பலகையைப் பார்த்தால், பள்ளிப் பாடப் புத்தகத்தில் வந்த இடம் என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். பிப்ரவரியில் முதல் விடுப்பை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல்தான் அங்கே போனேன்.

முதல் தடவை சரியாகப் பத்து நிமிடம். சமணர் குடைந்த சின்னக் குகைக்கோயில். அறிவர் கோயில் என்பார்கள். மேலே விதானத்தில் மங்கலாகப் பச்சையும் சிவப்பும் தெரிந்தன. தாமரைக் குளம் என்று சொன்னார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து இளநீர் குடித்தேன். பஸ்ஸில் வரும்போது மனம் உறுத்தியது. ஹம்பியில் ஆட்டோக்காரரின் அட்டை செய்ததை இங்கே நானே எனக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

இரண்டாம் தடவை ஜூலையில், ஒரு புதன்கிழமை. கூட்டமே இல்லை. காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவசரமில்லை என்றால் கொஞ்சம் உட்காருங்கள் சார், கண் பழகட்டும்" என்றார். தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் மங்கலாக இருந்தது ஒவ்வொன்றாகப் பிரிந்தது. முதலில் இலைகள். பிறகு தண்டுகளுக்கு நடுவே மீன்கள். ஒரு யானை. ஓர் எருமை. பறவைகள். அப்புறம் மூன்று ஆண்கள், குளத்துக்குள் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் ஒரு கையால் பறிக்க, மறுகையில் பூக்கூடை தொங்குகிறது. சற்றுத் தள்ளித் தனியாக நிற்பவர் தாமரைக் கொத்தைத் தோளில் சாய்த்திருக்கிறார், வயலிலிருந்து கரும்புக் கட்டைச் சுமந்துவருகிறவர்போல. சமணக் குருவான தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணம் என்ற சபையில் அடியார்கள் கடந்துபோகும் குளம் அது என்று படித்திருந்தேன். அவ்வளவு புனிதமான இடத்தில் எருமை எதற்கு என்று காவலாளியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "குளம் என்றால் மாடு இறங்காமல் இருக்குமா சார்?"

இந்த ஆண்டு நான் கேட்ட பேச்சில் இதைவிடச் சிறந்தது இல்லை. வரைந்தவனும் இந்தப் பக்கத்து ஆள்தான் போலும். அவனுக்குத் தெரிந்த குளத்தை வரைந்துவிட்டான்.

வெளியே ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. அன்றைக்கே அது பழைய கோயில். அங்கிருந்து மலை ஏறி மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம் என்ற குகை. குனிந்துதான் நிற்கமுடியும். பாறைத் தரையில் வரிசையாகக் கற்படுக்கைகள், மொத்தம் 17. தலைப்பக்கம் மட்டும் தலையணைபோலச் சற்று உயர்த்திச் செதுக்கி, மழமழவென்று தேய்த்திருக்கிறார்கள். ஒன்றில் தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. ஆசையை எல்லாம் துறந்து வந்தவருக்கும் தலையணை வேண்டியிருந்திருக்கிறது. அதை நினைத்ததும் அந்த முனிவர்கள்மேல் எனக்கு ஒரு நெருக்கம் வந்துவிட்டது.

அன்று மாலையே ஆட்டோ பிடித்து நார்த்தாமலையும் போனேன். வெயில் இறங்கிய பாறைச் சரிவில் விஜயாலய சோழீஸ்வரம் கோயில் மேற்கே பார்த்து நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. அதைப் பற்றித் தனிப் பதிலே எழுதலாம்.

மூன்றாம் தடவை டிசம்பரில், கடைசி விடுப்பு. மனைவியையும் அழைத்துப்போனேன். அந்தக் குளத்தைப் பற்றி ஐந்து மாதமாக அவளிடம் அளந்திருந்தேன். ஆதனக்கோட்டை தாண்டும்போதே மேகம் கூடிவிட்டது. குகைக்குள் போனால் கும்மிருட்டு. அதே காவலாளி, என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மறுபடியுமா சார்! இன்றைக்கு ஒன்றும் தெரியாதே" என்றார். கண் பழகட்டும் என்று அவர் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். உட்கார்ந்தோம். கண் பழகவில்லை. நான் இருட்டை நோக்கிக் கையை நீட்டி, இதோ இங்கே மீன், அந்த மூலையில் எருமை, இந்தப் பக்கம் கொத்தைச் சுமப்பவர் என்று சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "எருமையை மட்டும் பார்த்த மாதிரி இருக்கிறது" என்றாள். பார்த்திருக்க வழியே இல்லை.

பிறகு காவலாளி எங்களைக் கருவறைக்குள் நடுவில் நிற்கவைத்து, வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுக்கச் சொன்னார். முதலில் அவள் வெட்கப்பட்டாள். நான் இழுத்தேன், சுமாராக இருந்தது. அவள் இழுத்தாள். நாலு சுவரும் சேர்ந்து முனகத் தொடங்கின. அவள் நிறுத்திய பிறகும் ஒரு கணம் அது நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும்போது ஆதனக்கோட்டையில் இறங்கவேண்டும் என்றாள். சாலையோரம் தார்ப்பாய்க்குக் கீழே ஓர் அம்மா முந்திரியை ஓட்டோடு வறுத்துக்கொண்டிருந்தார். ஓட்டின் எண்ணெய் பற்றிக் கரும்புகை கண்ணைக் கரித்தது. கருகிய கொட்டையைக் கட்டையால் தட்டித் தட்டி, பருப்பு உடையாமல் எடுத்தார். மனைவி கால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசித் தோற்றாள். அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, சூடான பருப்பு இரண்டை என் கையில் வைத்துவிட்டு, "வெயில் காலத்தில் ஒருநாள் போடுங்கள், எருமையைப் பார்க்கவேண்டும்" என்றாள்.

ஏப்ரலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.