யாங்கீஸ் மைதானத்துக்கு ரெட் சாக்ஸ் ஜெர்சியோடு போகலாமா?

கேள்வி: நானும் ஒன்பது வயது மகனும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள். நியூயார்க்கில் யாங்கீஸ் மைதானத்தில் இந்த இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். எங்கள் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போகலாமா? தொல்லை வருமா? எங்கே உட்காருவது நல்லது?

தாராளமாகப் போகலாம். ஜெர்சியைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போனபின் மாட்டிக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு அவசியமே இல்லை. ரயில் ஏறும்போதே போட்டுக்கொள்ளுங்கள், மகனுக்கும் போட்டுவிடுங்கள். கேலி கட்டாயம் இருக்கும். பிளாட்பாரத்தில் ஒருவர், நுழைவாயிலில் ஒருவர், தின்பண்டம் வாங்கும் வரிசையில் ஒருவர் என்று ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் சிறுவனோடு வருகிறவரிடம் பெரும்பாலானவர்கள் அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

நான் பாஸ்டன் பக்கம் குடியிருக்கிறேன். ஜூலை மாதத்துச் சாதாரண லீக் ஆட்டத்துக்கும் அங்கே போயிருக்கிறேன், அக்டோபரில் வாழ்வா சாவா என்ற பிளேஆஃப் ஆட்டத்துக்கும் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போயிருக்கிறேன். என்னைக் கேட்டால், பேஸ்பாலை உண்மையாக நேசிக்கிறவர் ஒருமுறையாவது தன் அணியை எதிராளியின் வீட்டில் பார்க்க வேண்டும். நம் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் உட்கார்ந்து பார்க்கும்போது கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பியக் கால்பந்தில் வெளியூர் ரசிகர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கி, போலீஸ் காவலோடு உள்ளே விட்டு வெளியே அனுப்புவார்கள். ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில்கூட வெளியூர் அணியின் ஆதரவாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து மேளம் கொட்டிப் பாட வெளிக்களத்தில் இடம் உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. எந்த டிக்கெட் கிடைக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். உங்கள் இடது பக்கம் யாங்கீஸ் குடும்பம், வலது பக்கம் யாங்கீஸ் குடும்பம், பின்னால் முழு வரிசையும் அவர்கள். மூன்று மணி நேரம் அவர்களோடு தோளோடு தோள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனாலேயே பெரும்பாலும் பேச்சு வளர்கிறது, சண்டை வளர்வதில்லை. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள், அதில் 81 வெளியூரில். இந்த இரண்டு அணிகள் மட்டுமே ஆண்டுக்கு 13 முறை சந்திக்கின்றன. இன்று தோற்றவர் நாளை மாலை மறுபடியும் வந்து உட்காருவார். ஒவ்வோர் இரவும் உச்சக் கோபத்தோடு வாழ யாராலும் முடியாது.

தவிர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: வலப்புற வெளிக்களத்துக்குப் பின்னால் இருக்கும் பிளீச்சர் பெஞ்சுகளில் 203ஆம் பகுதி. யாங்கீஸின் மிகத் தீவிரமான ரசிகர்கள் கூடும் இடம் அது. ஆட்டத்தின் முதல் பந்து வீசப்பட்டதும் அவர்கள் ஒரு சடங்கைத் தொடங்குவார்கள். களத்தில் நிற்கும் தங்கள் வீரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த வீரர் திரும்பிக் கையசைக்கும்வரை விடாமல் கத்துவார்கள். வெளியூர் அணிதான் முதலில் மட்டை பிடிக்கும் என்பதால், நம் முதல் ஆட்டக்காரர் பந்தை எதிர்கொள்ளும்போது அந்தக் குரல்தான் மைதானம் முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து கேட்க அருமையாக இருக்கும், மகன் கட்டாயம் கேட்க வேண்டியது. ஆனால் ரெட் சாக்ஸ் ஜெர்சியில் ஒரு சிறுவனை அந்தப் பகுதிக்கு நடுவில் உட்கார வைக்காதீர்கள்.

நீங்கள் வாங்க வேண்டியது மூன்றாவது பேஸ் பக்கத்து இருக்கைகள். வெளியூர் அணி வீரர்கள் உட்காரும் டக்அவுட் அந்தப் பக்கம்தான். நம் ஊர்க்காரர்களும் பழக்கமாக அங்கேயே வாங்குவார்கள். நியூயார்க்கில் வேலை பார்க்கும் பாஸ்டன்காரர்கள் நிறையப் பேர் உண்டு. இரண்டு அணிக்கும் ஆதரவு பிரிந்து கிடக்கும் கனெக்டிகட்டிலிருந்தும் பலர் ரயிலேறி வருவார்கள். எனவே நீங்கள் தனியாக இருக்கமாட்டீர்கள். கொஞ்சம் தள்ளி இடது வெளிக்களப் பக்கம் கிடைத்தாலும் நல்லதுதான், நம் பந்துவீச்சாளர்கள் கை சூடேற்றிக்கொள்ளும் புல்பென் அங்கே இருக்கிறது.

இனி, அங்கே மட்டும் கிடைப்பது என்றேனே, அதைச் சொல்கிறேன். ஃபென்வேயில் நம் ஆள் பந்தை ஓங்கி அடித்தால் அடுத்த நொடியே கூட்டம் எழுந்துவிடும், அதற்குப் பின் காதில் எதுவும் விழாது. யாங்கீஸ் மைதானத்தில் நம் ஆள் அடித்தால் நாற்பதாயிரம் பேர் சட்டென்று அடங்கிவிடுகிறார்கள். பந்து மட்டையில் பட்ட ஓசை முழுதாகக் கேட்கிறது. மூன்றாவது பேஸ் பக்கம் தாழ்வாக உட்கார்ந்திருந்தால் டக்அவுட்டிலிருந்து நம் வீரர்கள் போடும் கூச்சல்கூடக் கேட்கிறது. பந்து எங்கே விழுந்தது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே அந்த அமைதி சொல்லிவிடும். அப்புறம்தான் அரங்கில் அங்கொருவரும் இங்கிருவருமாகச் ரெட் சாக்ஸ் தொப்பிகள் எழுந்து நிற்பது தெரியும். முன்பின் அறியாத ஒருவர் பத்து வரிசை கீழேயிருந்து உங்களைப் பார்த்துக் கை உயர்த்துவார். அந்த நேரத்து மகிழ்ச்சியை நான் ஃபென்வேயில் அனுபவித்ததில்லை.

2018 அக்டோபர் 8 அன்று அது எனக்கு அளவுக்கு மீறிக் கிடைத்தது. பிளேஆஃபின் ஒரு சுற்றான அமெரிக்கன் லீக் டிவிஷன் தொடரின் மூன்றாவது ஆட்டம், தொடர் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்தது. என் பக்கத்தில் ஒரு முதியவர். யாங்கீஸ் தொப்பி, மடியில் ஸ்கோர் அட்டை, கையில் பென்சில். நான்காவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் ஏழு ரன் எடுத்தது. ஆண்ட்ரூ பெனின்டெண்டியின் இரட்டை அடி (அடித்தவர் இரண்டாவது பேஸை எட்டும் அடி) மூன்று பேஸ்களிலும் நின்ற நம் ஆட்களை ரன் எடுக்க வைத்தது. ஸ்கோர் 10–0. முன்வரிசைகள் கலையத் தொடங்கின. அவர் மட்டும் அசையவில்லை, ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டே இருந்தார். எட்டாவது இன்னிங்ஸில் பிராக் ஹோல்ட் இரட்டை அடி அடித்தபோது, அட்டையை என் பக்கம் திருப்பிப் பென்சிலால் தட்டிக் காட்டினார். "உங்கள் ஆளுக்கு ஹோம் ரன் ஒன்றுதான் பாக்கி" என்றார். ஒற்றை, இரட்டை, மூன்று பேஸ் அடி, ஹோம் ரன் நான்கையும் ஒரே ஆட்டத்தில் அடிப்பதை சைக்கிள் என்பார்கள். நான்காவது இன்னிங்ஸிலேயே ஹோல்ட் ஒற்றையும் மூன்று பேஸ் அடியும் எடுத்திருந்தார். கொண்டாட்டத்தில் இருந்த எங்கள் ஆட்களில் யாரும் அந்தக் கணக்கைப் போட்டுவைத்திருக்கவில்லை. தோற்றுக்கொண்டிருந்த அவர் போட்டுவைத்திருந்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் பந்துவீச்சாளர்களை மிச்சப்படுத்த பந்தைப் பிடிப்பவரான கேட்சர் ஆஸ்டின் ரோமைனைப் பந்து வீச விட்டது. ஹோல்ட் அவருடைய பந்தை வலது பக்கம் ஹோம் ரன்னாக அடித்தார். பிளேஆஃப் வரலாற்றிலேயே முதல் சைக்கிள் அது. முதியவர் அதை நிதானமாகக் குறித்துவிட்டு எனக்குக் கை கொடுத்தார். ஸ்கோர் 16–1. யாங்கீஸ் பிளேஆஃபில் சந்தித்த மிகப் பெரிய தோல்வி. அதன் கடைசிப் பந்துவரை உட்கார்ந்து எழுதி முடித்த அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

தோல்வியையும் சொல்லிவிடுகிறேன், மகனை அதற்கும் தயார்ப்படுத்துங்கள். 2025இல் இரண்டு அணிகளும் பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டில் மோதின. மூன்று ஆட்டங்களும் நியூயார்க்கில். முதல் ஆட்டம் நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. அக்டோபர் 2 அன்று நடந்த மூன்றாவதில் யாங்கீஸ் சார்பில் பந்து வீசியவர் கேம் ஷ்லிட்லர் என்ற புதுமுகம். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான வால்போலில் வளர்ந்தவர்! எட்டு இன்னிங்ஸில் 12 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார், தவறான பந்துகளால் ஒருவருக்குக்கூட முதல் பேஸை இலவசமாகக் கொடுக்கவில்லை. 4–0. இரண்டு ஸ்ட்ரைக் விழும்போதெல்லாம் மொத்த அரங்கமும் எழுந்து நிற்கும். அதன் நடுவில் நம் ஆட்டக்காரர் திரும்பத் திரும்பத் தலை குனிந்து வருவதைப் பார்ப்பது கடினம். ஆட்டம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் பாடகர் சினாட்ராவின் நியூயார்க் பாட்டு தொடங்கும். அந்தப் பாட்டோடு சேர்ந்து படியிறங்க வேண்டும். அப்போதும் யாருக்கும் பதில் சொல்லாமல், மகன் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் வேகத்திலேயே போங்கள். குடித்தவர் யாராவது எல்லை மீறினால் வாதம் வேண்டாம், வழிகாட்டும் ஊழியரிடம் சொல்லுங்கள். நான் அப்படி ஒருமுறை சொன்னபோது உடனே வந்து அந்த ஆளை வேறு பக்கம் அழைத்துப் போனார்கள்.

இந்தப் பகையின் வயது மகனுக்குத் தெரிந்திருந்தால் ஆட்டம் இன்னும் சுவைக்கும். 1919 டிசம்பரில் பாஸ்டன் தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை நியூயார்க்குக்கு விற்றது. 1918க்குப் பிறகு பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வெல்லாமல் 86 ஆண்டுகள் காத்திருந்தது. அந்தக் காலத்தில் யாங்கீஸ் மைதானத்துக்குப் போன ரெட் சாக்ஸ் ரசிகர்களுக்கு "1918! 1918!" என்ற கோஷம்தான் வரவேற்பு. 2003இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 11ஆவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன் நம்மை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு அதே தொடரில் 0–3 என்று பின்தங்கி, நான்கு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்று, 2004 அக்டோபர் 20 அன்று அதே மைதானத்தில் 10–3 என்று முடித்தோம். அந்த ஆண்டே உலகத் தொடரும் வந்தது. அதோடு அந்தக் கோஷமும் நின்றது. இவை நடந்தது பழைய மைதானத்தில். 2009இல் திறந்த புதியது தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. பழையது நின்ற இடத்தில் இப்போது அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் ஆடும் பேஸ்பால் திடல்கள். மகனை அங்கே ஒரு நடை கூட்டிப்போங்கள்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. மறுநாள் இரவு இதே யாங்கீஸ் மைதானத்தில், பாஸ்டன் ஆடாத ஓர் ஆட்டத்தின் நடுவே, ஃபென்வேயில் எட்டாவது இன்னிங்ஸில் நாம் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டைப் போட்டார்கள். யாங்கீஸ் ரசிகர்கள் எழுந்து நின்று அதைப் பாடினார்கள். நான் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அதன்பின் அந்த மைதானத்தை வெறும் எதிரி இடமாக நினைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

போக 4, பி, டி ரயில்கள், 161ஆவது தெரு நிலையத்தில் இறங்க வேண்டும். வார இறுதியில் பி ஓடாது. மைதானத்துக்குள் நடுக் களத்துக்குப் பின்னால் இருக்கும் நினைவுப் பூங்காவில் ரூத், கெரிக், டிமாஜியோ, மான்டில் ஆகியோரின் நினைவுக் கற்கள் இருக்கின்றன. டிக்கெட் இருந்தால் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆகவே கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள்.

சீக்கிரம் போவதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய மட்டைப் பயிற்சியை உள்ளூர் அணி முதலில் முடித்துவிடும், அடுத்தது வெளியூர் அணி. ரசிகர்கள் உள்ளே வரும் நேரத்தில் பெரும்பாலும் களத்தில் இருப்பவர்கள் நம் ஆட்கள்தான். ஃபென்வேயில் ஒரு கையெழுத்துக்காக நூறு சிறுவர்கள் முண்டியடிப்பார்கள். இங்கே ரெட் சாக்ஸ் தொப்பி போட்ட சிறுவர்கள் சிலரே இருப்பார்கள், வீரர்களின் கண்ணும் அவர்களைத் தேடும். மகனுக்கு வெளியூர் ஆட்டங்களில் நம் அணி உடுத்தும் சாம்பல் நிற ஜெர்சியையே வாங்கிக் கொடுங்கள், நெஞ்சில் பாஸ்டன் என்று எழுதியிருக்கும். கையுறை, பந்து, நல்ல மைப் பேனா மூன்றையும் எடுத்துக்கொண்டு, இடது வெளிக்களத்தை ஒட்டிய தடுப்புச் சுவரோரம் போய் நில்லுங்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்க அனுமதிக்கிறார்களா என்று ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீரர் ஒருவர் பந்தைப் பொறுக்கிக்கொண்டு திரும்பும்போது அவன் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.