கலைப் பாடப் பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி கிடைக்க ஒரு காலேஜ் உருப்படியா என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி, பயோடெக் ஆளுங்களுக்கு ப்ராஜெக்ட் வருதாம், வரலாறு, தமிழ், எகனாமிக்ஸ் பக்கம் ஒண்ணுகூட வரலையாம், ஆராய்ச்சி வேலைகளைக் கவனிக்கிற ரிசர்ச் செல் பொறுப்பு இப்ப அவங்க தலையில, என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. நான் தென் மாவட்டத்துல ஒரு எய்டட் காலேஜ்ல இதே வேலையைத்தான் பாக்குறேன், எனக்கு பாடம் வரலாறு. அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, வாட்ஸ்அப் குரூப்ல நோட்டிஃபிகேஷனை ஃபார்வர்டு பண்றது உதவி கிடையாது. பாதி காலேஜ்ல செல்லோட வேலை அதோட முடிஞ்சிடுது. "கடைசி தேதி வெள்ளிக்கிழமை, விருப்பம் உள்ளவங்க அப்ளை பண்ணவும்"னு ஒரு பிடிஎஃப். வாரத்துக்கு 16 மணி நேரம் கிளாஸ், மேல இன்டர்னல் மார்க், நாக் (காலேஜுக்குத் தர மதிப்பீடு குடுக்குற அமைப்பு) ஃபைல், என்எஸ்எஸ் கேம்ப்னு ஓடுற ஆளு வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன எழுதுவாரு? பழைய எம்ஃபில் ஆய்வுச் சுருக்கத்தைத் தூசி தட்டி அனுப்புவாரு. அது திரும்பி வந்துடும், அப்புறம் "நமக்கெல்லாம் எங்க சார் தருவாங்க"ன்னு ஒரு பேச்சு ஆரம்பிக்கும்.

பணம் இல்லாம இல்லங்க, ஆனா முன்ன மாதிரி ஈஸியாவும் இல்ல, அதையும் சொல்லிடணும். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, குடுத்த மைனர் ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருந்துச்சு, சின்ன காலேஜ் வாத்தியாருக்கெல்லாம் அதுதான் முதல் படி, 12-வது ஐந்தாண்டுத் திட்டம் 2017-ல முடிஞ்சதோட அதுவும் போச்சு. 2023-ல சட்டம் போட்டு கொண்டுவந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடின்னு பேசுறாங்க, அதுல நம்ம பக்கத்துக்கு இடம் அறிவியலோட தொட்டுக்குற அளவுக்குத்தான். மிச்சம் இருக்கிற பெரிய கதவுன்னா மத்திய அரசோட ஆராய்ச்சி அமைப்புகள்தான், சமூக அறிவியலுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர், வரலாற்றுக்கு ஐசிஹெச்ஆர், தத்துவத்துக்கு ஐசிபிஆர், தமிழுக்குன்னா சென்னையில இருக்கிற செம்மொழி நிறுவனம்.

சரி, உதவி எங்க தேவைப்படுதுன்னா ப்ரோபோசல் எழுதறதுக்கு முன்னாடி. நம்ம ஆளுங்க கிட்ட தலைப்பு நிறைய இருக்கும், கேள்வி இருக்காது. எங்க காலேஜ் எகனாமிக்ஸ் மேடம் ஒருத்தங்க "தூத்துக்குடி மாவட்ட உப்பளத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை"ன்னு கொண்டுவந்தாங்க. இந்த "சமூகப் பொருளாதார நிலை" இருக்கே, பீடித் தொழிலாளி, மீனவர், நெசவாளர்னு ஆளை மட்டும் மாத்தி மாத்திப் போட்டு ஆயிரம் பேர் எழுதினது, ரிவ்யூ பண்றவருக்கு தலைப்பைப் பாத்ததுமே கொட்டாவி வந்துடும். நான் அந்த பேப்பரை ஓரமா வச்சிட்டு, மேடம் உங்களுக்கு இதுல எது உறுத்துதுன்னு சொல்லுங்கன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "மழை ஆரம்பிச்சா மூணு மாசம் அவங்களுக்கு வேலையே கிடையாது சார், அப்ப அட்வான்ஸ் வாங்கித்தான் சாப்பிடுறாங்க, அந்த அட்வான்ஸுக்காகவே மறுபடி அதே அளத்துக்குப் போறாங்க. இப்ப கவர்மெண்ட் மழைக்கால நிவாரணம்னு 5,000 ரூபாய் தருது, அது வந்தப்புறம் அட்வான்ஸ் குறைஞ்சுதான்னு யாரும் பாக்கல"ன்னாங்க. ப்ராஜெக்டே அதுதான். அவங்க எழுதி வச்சிருந்த பத்து பக்கத்துல இந்த விஷயம் ஒரு வரிகூட இல்ல!

அந்தக் கேள்வி கிடைச்சப்புறம் மத்ததெல்லாம் தானா விழ ஆரம்பிச்சுது. யாரைப் பாக்கணும்? அளத்துல வேலை செய்யுற பொம்பளைங்க, ஆளுகளைச் சேத்து அட்வான்ஸ் குடுக்குற கங்காணி, நிவாரணம் கிடைச்ச வீடு, பதிவு இல்லாததால கிடைக்காத வீடு. எப்பப் பாக்கணும்? உப்பு வாருற சீசன்ல ஒரு தடவை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேலை இல்லாத நேரத்துல ஒரு தடவை. அப்போ டைம்லைன்ல முதல் ஆறு மாசம் லிட்டரேச்சர் ரிவ்யூன்னு சும்மா போட முடியாது, நிதி ஆர்டர் எந்த மாசம் வந்தாலும் ஒரு மழைக்காலம் ஃபீல்டுக்குள்ள விழற மாதிரி திட்டம் போட்டாகணும். பட்ஜெட்டும் அதுலருந்தே வரும்.

பட்ஜெட்ல நம்ம ஆளுங்க ரெண்டு விதம். எவ்வளவு வரைக்கும் தருவாங்கன்னு பாத்து அந்தத் தொகையை அப்படியே நிரப்புறவங்க ஒரு வகை. "புக்கு படிக்கத்தானே சார் போறேன், எனக்கெதுக்கு காசு"ங்கிறவங்க இன்னொரு வகை, தமிழ், இங்கிலீஷ், வரலாறுல இது அதிகம். இவங்க கூட உக்காந்து கணக்கு போடணும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய ரெவின்யூ ஃபைல் பாக்கணும்னா ஒரு நாள்ல முடியாது, கேட்ட ஃபைல் கைக்கு வரவே நேரம் ஆகும், ரூம் வாடகை, சாப்பாடு, நகல் செலவு. அப்புறம் தரமணியில ரோஜா முத்தையா நூலகம், தஞ்சாவூர்ல சரஸ்வதி மகால். பேட்டி எடுத்தா ஒரு மணி நேர ஆடியோவை வட்டார வழக்கு கெடாம எழுதி எடுக்க ஒருத்தருக்கு பாதி நாளுக்கு மேல ஓடிடும், அந்த ஆளுக்குக் கூலி. இதெல்லாம் ஆராய்ச்சிச் செலவுதான்னு நாமதான் சொல்லணும், இத்தனை வருஷம் சொந்தச் சம்பளத்துல பண்ணிப் பண்ணி அவங்களுக்கு இது செலவாவே தெரியாம போச்சு.

இங்கிலீஷ்ல எழுதறதுக்குத் தயங்குறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். முதல்ல தமிழ்லயே முழுசா எழுதச் சொல்லுங்க, பேசச் சொல்லி ரெக்கார்டு பண்ணாலும் சரி, அப்புறம் இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்ல ஒருத்தரை உக்கார வச்சு மாத்துங்க, அவரையும் கோ-இன்வெஸ்டிகேட்டரா (இணை ஆய்வாளரா) போட முடிஞ்சா போடுங்க, ஓசியில வேலை வாங்காதீங்க. கூத்து, நாடகம், இசை, ஓவியம் சம்பந்தப்பட்டதுன்னா பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்னு ஒரு அமைப்பு 1995-ல இருந்து நிதி குடுக்குது, அங்க எந்த இந்திய மொழியிலயும் ப்ரோபோசல் எழுதலாம். நம்ம தமிழ் டிபார்ட்மெண்ட்ல இது பாதிப் பேருக்குத் தெரியாது.

வரலாற்றுக்காரங்களுக்கு இன்னொண்ணு. பிரிட்டிஷ் லைப்ரரி 2004-ல இருந்து அழியுற நிலையில இருக்கிற ஆவணங்களை டிஜிட்டல் பண்ண நிதி தருது. ஒரிஜினல் நாட்டை விட்டு வெளிய போகக் கூடாதுங்கிறது அவங்க கண்டிஷன், ஒரு காப்பி இங்கயும் இருக்கணும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இதுல பணம் வாங்கி தமிழ்நாட்டு கிராம வழக்கு, தீர்ப்பு சம்பந்தமான பழைய பத்திரங்களை வீடு வீடாப் போய் படம் எடுத்திருக்காங்க. உங்க ஊர்ல பழைய ஜமீன் வீடு, மடம், கணக்குப்பிள்ளை குடும்பம்னு யார் வீட்டுப் பரண்லயாவது ஓலைக்கட்டு கிடக்குதான்னு உங்க வரலாற்று ஆசிரியருக்குத்தான் தெரியும், டெல்லியில இருக்கிற பெரிய பேராசிரியருக்குத் தெரியாது.

அப்புறம் பேப்பர் வேலை, இது முழுக்க செல்லோட பொறுப்பு, ஆசிரியர் தலையில கட்டாதீங்க. யுஜிசி அங்கீகாரத்துக்கான 2எஃப், மத்திய நிதி வாங்கத் தகுதி உண்டுன்னு காட்டுற 12பி சான்றிதழ், பான், ஆடிட் ஆன கணக்கு, மத்திய அரசுப் பணம் வர்றதுக்கான பிஎஃப்எம்எஸ் பதிவு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல ரெடியா வையுங்க. பிரின்சிபாலோட ஃபார்வர்டிங் லெட்டருக்காக கடைசி நாள் ஒருத்தர் ஆபீஸ் வாசல்ல நிக்குறதைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். சுயநிதி காலேஜ், 12பி இல்லைன்னா நேரா அப்ளை பண்ணி டைம் வேஸ்ட் பண்ணாம, அந்தத் தகுதி உள்ள பல்கலைக்கழகம் இல்லைன்னா ஆராய்ச்சி நிறுவனத்தோட சேர்ந்து போக முடியுமான்னு முன்னாடியே கேட்டு வைங்க.

மேனேஜ்மெண்ட் உங்களை நாக் பாயிண்டுக்காகத்தான் விரட்டும், ஆசிரியருக்கு புரமோஷன் கணக்கு இருக்கும், முடிச்ச ப்ராஜெக்ட் 10 லட்சத்துக்கு மேலன்னா 10 மதிப்பெண், கீழன்னா 5. அது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக எல்லா டிபார்ட்மெண்ட்டும் வருஷத்துக்கு ஒண்ணு அனுப்பியே ஆகணும்னு சர்குலர் போடாதீங்க, ரெண்டு பேரை எடுத்து ஒழுங்கா உதவி பண்ணுங்க. நிராகரிச்சு வந்தா காரணம் பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க, அதனால அனுப்புறதுக்கு முன்னாடியே அந்தத் துறையில இல்லாத ஒரு ஆளு கையில குடுத்து படிக்கச் சொல்லுங்க. ரெண்டாவது பக்கத்துக்குள்ள கேள்வி என்னன்னு அவரால திருப்பிச் சொல்ல முடியலைன்னா அது இன்னும் ரெடி ஆகல.

நிதி வந்தப்புறமும் கூட இருக்கணும். தவணை தவணையாத்தான் வரும், முதல் தவணைக்கு 12ஏ ஃபார்ம்ல யூடிலைசேஷன் சர்டிஃபிகேட் (பணத்தைச் சரியா செலவு பண்ணினதுக்கான சான்று) போனாத்தான் அடுத்தது. அங்கதான் நம்ம ஆளுங்க மாட்டுறது, ஏன்னா ஷேர் ஆட்டோக்காரர் பில்லு தர மாட்டாரு, அளத்துல ஒரு நாள் கூட வந்து வழிகாட்டின அக்காவுக்குக் குடுத்த கூலிக்கு ரசீது இருக்காது. ஆடிட்டர் கிட்ட என்ன மாதிரி வவுச்சர் ஏத்துக்குவாருன்னு முன்னாடியே கேட்டு, அதே மாடல்ல ஒரு வவுச்சர் புக் அடிச்சு, கைநாட்டு வாங்க ஒரு ஸ்டாம்ப் பேடும் வாங்கி, ஃபீல்டுக்குக் கிளம்புற அன்னைக்கு அவங்க பையில போட்டு விடுங்க.