‘நன்றாக இருக்கிறது’ என்றால் வாங்குவார்களா?

(சந்தை ஆய்வு நிறுவனங்களில் களப்பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மதுரைப் பெண்மணி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கே: ஷாம்பூ பற்றி ஆய்வு என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஷாம்பூவை விட்டுவிட்டு, வீட்டில் அதிகம் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார், ஃபிரிட்ஜ் இருக்கிறதா, கார் இருக்கிறதா, விவசாய நிலம் இருக்கிறதா என்று அடுக்கினாள். பிறகு வீட்டில் உள்ளவர்களின் வயதை வரிசையாக எழுதி, ஒரு கட்டத்தைப் பார்த்து, ‘உங்கள் நாத்தனாரிடம்தான் பேச வேண்டும்’ என்றாள். கதவைத் திறந்தவள் நான், குடும்பத்தை நடத்துபவர் என் மாமியார். ‘நோட்டம் பார்க்க வந்தவள்’ என்று அவர் இன்னமும் திட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையா அம்மா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

ப: உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவர் வந்து ‘கார் இருக்கிறதா’ என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பெண் விதி தவறாமல் நடந்திருக்கிறாள்.

வருமானத்தை நேரடியாகக் கேட்டால் நம்மூரில் உண்மை வராது. வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்பவர் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழட்டும் என்று கூட்டிச் சொல்பவர் மறுபக்கம். அதனால்தான் 2011-இல் வந்த முறைப்படி, அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும், மின் இணைப்பு, மின்விசிறி, காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கார், விவசாய நிலம் என்று 11 பொருள்களில் எத்தனை இருக்கின்றன என்பதையும் வைத்து, குடும்பங்களை ஏ1 முதல் இ3 வரை 12 படிகளாகப் பிரித்தார்கள். யார் வீட்டில் எந்த ஷாம்பூ என்று பார்ப்பதற்கு இந்தப் படிகள் வேண்டும்.

நாத்தனாரைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண் அல்ல, அவள் கையில் இருந்த கட்டம். வீட்டில் எத்தனையாவது ஆளிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்த அட்டவணை. லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியல் அறிஞர் 1949-இல் வெளியிட்ட வழி அது. கதவைத் திறப்பவரிடமே பேசிவிட்டு வந்தால், காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர்களின் கருத்துதான் ஊர்க்கருத்தாகிவிடும். வேலைக்குப் போகிறவரும் கல்லூரிக்குப் போகிறவரும் தலைக்குக் குளிப்பதே இல்லையா?

அடுத்த சில நாள்களில் ‘எங்கள் ஆள் வந்தாரா?’ என்று ஒரு போன் வரலாம். நான் பார்த்துவந்த வேலையே அந்தச் சரிபார்ப்புதான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொய்யாக நிரப்பிய படிவங்களை நான் பிடித்ததெல்லாம் அவற்றின் ஒழுங்கை வைத்துத்தான். நிஜ மனிதர் ஷாம்பூ பெயர் சொல்லச் சொன்னால் இரண்டு சொல்வார், மூன்றாவதற்கு ‘அந்தப் பச்சை பாக்கெட்’ என்பார், நான்காவதற்குத் ‘தெரியாதும்மா’ என்பார். பொய்ப் படிவத்தில் ‘தெரியாது’ என்ற பதிலே இருக்காது.

அடுத்த முறை யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். பேச விருப்பமில்லை என்றால் மறுத்துவிடலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. என்று ஆரம்பித்தால் அது ஆய்வே அல்ல. கதவைச் சாத்திவிடுங்கள்.

கே: சாம்பார் பொடி தயாரித்து விற்கிறேன். அக்கம்பக்கத்தில் ஐம்பது வீடுகளுக்கு மாதிரி பாக்கெட் கொடுத்தேன். எல்லாரும் ‘நன்றாக இருக்கிறது’ என்றார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்க யாரும் வரவில்லை. பணம் செலவழித்து ஆய்வு செய்ய வேண்டுமா?
– சிறுதொழில் செய்யும் வாசகி, ஈரோடு

ப: பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காத ஊர் நம்முடையது. இலவசமாக வந்த பொடியை, அதுவும் தினமும் முகத்தில் விழிக்கிறவரிடம், யார் குறை சொல்வார்கள்?

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. கோக கோலா ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் புதிய சுவையைக் கொடுத்துப் பார்த்தது. பழையதைவிட இதுதான் பிடித்திருக்கிறது என்றார்கள் பெரும்பாலோர். 1985 ஏப்ரல் 23-இல் பழையதை நிறுத்திப் புதியதை இறக்கினார்கள். மக்கள் கொதித்துப்போனார்கள். 79 நாள்களில், பழைய கோக் திரும்பி வருகிறது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு மடக்கில் இனிப்பாக இருப்பது வேறு, ஒரு பாட்டிலைக் குடித்து முடிப்பது வேறு. சுவைத்துப் பார்த்தவர்களிடம் ‘இனிமேல் பழையது கிடைக்காது’ என்று உரைக்கும்படி சொல்லவும் இல்லை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். உங்களைத் தெரியாத தெருவில் இருபது வீடுகள் போதும். பெயர் இல்லாத இரண்டு பாக்கெட்டுகள். ஒன்றில் உங்கள் பொடி, இன்னொன்றில் அந்தப் பகுதியில் அதிகம் விற்கும் பொடி. 417, 682 என்று எண் போடுங்கள். அ, ஆ என்று போட்டால் ‘அ’தான் முதல்தரம் என்ற நினைப்பு வந்துவிடும். பாதி வீடுகளில் முதல் வாரம் 417, மீதியில் 682. அடுத்த வாரம் மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு வாரமும் மிச்சப் பொடியோடு பாக்கெட்டைத் திரும்ப வாங்கித் தராசில் வையுங்கள். ‘பிரமாதம்’ என்ற வீட்டில் நூறு கிராமில் தொண்ணூறு அப்படியே இருந்தால், தராசைத்தான் நம்ப வேண்டும். பிடித்ததா என்று கேட்காதீர்கள். ‘கடைசியாகச் சாம்பார் வைத்தது என்றைக்கு? எந்தப் பொடி போட்டீர்கள்?’ என்று கேளுங்கள்.

சுவையில் குறையே இல்லாமலும் இருக்கலாம். மேசன் ஹேர் என்ற உளவியல் அறிஞர் 1950-இல் அமெரிக்காவில் இரண்டு மளிகைப் பட்டியல்கள் தயாரித்தார். ஏழு பொருள்களில் ஆறு ஒன்றேதான். ஒன்றில் உடனடிக் காபித்தூள், மற்றதில் முறையாக வடிகட்டிப் போடும் காபித்தூள். ஒரு பெண்ணுக்கு ஒரு பட்டியல் மட்டும் காட்டி, ‘இதை எழுதிய இல்லத்தரசி எப்படிப்பட்டவள்?’ என்றார். உடனடிக் காபிக்காரியைச் சோம்பேறி என்றவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். மற்றவளை அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலர். நேரடியாகக் கேட்டால் ‘எனக்கு அந்தச் சுவை பிடிக்காது’ என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

மிளகாய், மல்லி வறுத்து மெஷினில் கொடுத்து அரைப்பதைப் பெருமையாக நினைக்கும் வீடுகள் உங்கள் ஊரில் ஏராளம். ஆகவே ‘நீங்கள் ஏன் வாங்கவில்லை’ என்பதை விட்டுவிட்டு, ‘கடைப் பொடி வாங்குகிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் வாயில் ‘வேலைக்குப் போகிறவள், பாவம்’ என்று வந்தால், யாரிடம் விற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கே: முதியோருக்கான செருப்பு பற்றிக் கல்லூரியில் ஆய்வு செய்கிறேன். வாட்ஸ்அப் வழியாக 400 பேர் படிவம் நிரப்பித் தந்தார்கள். இது போதுமா?
– எம்.பி.ஏ. மாணவர், திருச்சி

ப: தம்பி, அந்த 400 பேரில் முழங்கால் வலிக்கிறவர்கள் எத்தனை பேர்? எண்ணிக்கையைக் காட்டி மயக்காதீர்கள். அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை 1936-இல் 24 லட்சம் பேரின் பதிலை வைத்து, அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டார். பத்திரிகையின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதியானவர்களுடையது. ஒரு மாலை நேரம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது பெரியவர்களிடம் பேசுங்கள். செருப்பைக் கழற்றித் தரச் சொல்லி, தேய்மானம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

கே: குப்பைத் தொட்டியைக்கூட ஆராய்வார்களாமே?
– வாசகர், காரைக்குடி

ப: ஆராய்ந்திருக்கிறார்கள். சார்லஸ் கூலிட்ஜ் பார்லின் 1911-இல் அமெரிக்கப் பதிப்பக நிறுவனம் ஒன்றில் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியவர். டின் சூப் வசதியானவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்த கேம்பெல் நிறுவனத்துக்காக, பிலடெல்பியாவில் தெருத்தெருவாகக் குப்பையை வாங்கிக் காலி டின்களை எண்ணினார் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். டின்கள் கிடைத்தது உழைப்பாளிகள் வாழ்ந்த தெருக்களில். பணக்கார வீடுகளில் சூப் வைக்கச் சமையல்காரர்கள் இருந்தார்கள்.

நம்மூரில் காலி பாக்கெட் தானே நடந்து வந்தது. கடலூர் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்பூவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். எந்த ஷாம்பூவானாலும் ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார். பிறகு, சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். விற்பனைக்காகச் செய்ததுதான். ஆனால் எந்தக் கடையில் யாருடைய பாக்கெட் எத்தனை சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்திருந்தால், எங்களைப் போல நூறு பேர் படிவத்தோடு அலைந்தாலும் கிடைக்காத கணக்கு அது.