மரவேலை கேள்வி பதில்: கார்பென்டர் மெஷின் நம் வீட்டுக்கு எதற்கு?

கேள்வி: புத்தக அலமாரி, கட்டில், சமையலறை கப்போர்டு எல்லாம் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். கார்பென்டர்கள் வைத்திருக்கும் 7 இன்ச் சர்க்குலர் சா (வட்ட ப்ளேடு சுழன்று அறுக்கும் கை மெஷின்) வாங்கலாமா, இல்லை 4 இன்ச் கட்டர் போதுமா? வீட்டு வேலைக்குப் பெரிய மெஷின் வீண் செலவு என்கிறார் கடைக்காரர்.
(தஞ்சாவூர் வாசகர்)

வாங்குங்கள், வீண் செலவு இல்லை. 4 இன்ச் கட்டர் ஒன்றேகால் இன்ச் சொச்சம்தான் ஆழம் போகும், 19 எம்எம் ப்ளைவுட்டுக்குச் சரி, ஆனால் நீங்கள் கட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டு இன்ச் சட்டம் வந்ததும் அது நின்றுவிடும். நீங்கள் கேட்கும் 7 இன்ச் மெஷின், அதாவது 185 எம்எம் ப்ளேடு போட்டது, ஏறக்குறைய இரண்டரை இன்ச் வரை ஒரே தடவையில் அறுக்கும். மோட்டார் 1,200 முதல் 1,400 வாட் இருந்தால் தாராளம். 1,400 வாட் என்றால் நம் 230 வோல்ட் லைனில் 6 ஆம்பியர் இழுக்கும், அதனால் சுவரில் இருக்கும் சின்ன ப்ளக்கில் மாட்டாதீர்கள், கிரைண்டர், ஏசி ஓடும் 16 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் போட்டால் தடித்த வயர் போடுங்கள்.

தொழில்முறை மெஷின் என்றால் சக்தி கூடியது என்று மட்டும் நினைக்கிறோம். கடையில் கையில் எடுத்து, பலகை மேல் உட்காரும் அடித்தகட்டைப் பாருங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும். மலிவான மெஷினில் அது மெல்லிய தகரம் மாதிரி இருக்கும், ஒரு தடவை கீழே விழுந்தால் வளைந்துவிடும், அப்புறம் எந்த அறுப்பும் நேராக வராது. மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே கழற்றி மாற்ற முடிகிறதா, உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பாஷ் கம்பெனியில் நீல நிற மெஷின்கள் தொழில் செய்பவர்களுக்கு, பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பணம் முழுவதையும் மெஷினில் போட்டுவிடாதீர்கள், இதைத்தான் எழுதுகிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு நல்ல 40 பல் ப்ளேடு, இரண்டு கிளாம்ப், கண்ணாடி, காதடைப்பான், என்95 மாஸ்க், இவ்வளவுக்கும் ஒதுக்கிவிட்டு மீதிக்கு மெஷின் பாருங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது, துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது.

அப்புறம், நம் ஊரில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன இரண்டு விஷயங்கள். ஒன்று, தரையில் குந்தி உட்கார்ந்து பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது. இன்னொன்று, அறுத்து முடித்ததும் தானாக இறங்கி ப்ளேடை மறைக்கிற கீழ்மூடியை ஆப்பு வைத்தோ கம்பி கட்டியோ தூக்கியே வைத்திருப்பது. இருபது வருட அனுபவம் உள்ளவர் செய்கிறார் என்பதற்காக நீங்கள் செய்யாதீர்கள், அவர்களிலும் எத்தனை பேருக்கு விரல் குறைந்திருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். அந்த ப்ளேடு நிமிஷத்துக்கு 5,500 சுற்று சுற்றினால் அதன் பல் போகிற வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். ஸ்விட்சை விட்ட பிறகும் சில விநாடி ஓடும், அந்தச் சில விநாடிக்காகத்தான் அந்த மூடி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எட்டுக்கு நாலு ப்ளைவுட்டை இரண்டு ஸ்டூல் மேல் போட்டு, ஸ்டூல்களுக்கு நடுவே அறுத்துக்கொண்டிருந்தேன். கடைசி ஒரு சாண் மிச்சம். ஷீட் நடுவில் தொங்க ஆரம்பித்தது, அறுத்த வாய் மூடிக்கொண்டது, பின்பக்கப் பற்களைப் பலகை கவ்வியது, நாலு கிலோ மெஷின் மேலே எம்பி என்னை நோக்கி வந்தது. நான் ப்ளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடதுபக்கம் ஒதுங்கி நின்றிருந்ததால் வலது தொடை தப்பியது, மூடி சட்டென்று இறங்கியதால் தரையில் ஒரு கீறலோடு போயிற்று. அன்றிலிருந்து இரண்டு இன்ச் தெர்மோகோல் ஷீட்டுகளைத் தரையில் விரித்து அதன் மேல்தான் ப்ளைவுட்டைப் போடுகிறேன். அறுபடும் இரண்டு பக்கமும் முழுக்கத் தாங்கல் கிடைக்கும், எதுவும் தொங்காது. ப்ளேடு பலகைக்குக் கீழே அரை சென்டிமீட்டர் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஆழத்தை வையுங்கள், தெர்மோகோலில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான்.

நேராக வர ஒரு வழி: 6 எம்எம் ப்ளைவுட்டில் எட்டடி நீளத்துக்கு ஓரடி அகலத் துண்டு எடுத்து, அதன் மேல் நடுவில் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள் (பார்ட்டிஷன் வேலை செய்யும் கடையில் சட்டம் கிடைக்கும்). மெஷினைச் சட்டத்தை ஒட்டி ஒரு தடவை ஓட்டினால் மிச்ச ப்ளைவுட் அறுந்து விழும், அந்த ஓரம்தான் இனி உங்கள் ப்ளேடு போகும் கோடு. பென்சில் கோட்டில் அந்த ஓரத்தை வைத்து, கிளாம்ப் போட்டு ஓட்டினால் போதும், கணக்கு எதுவும் போட வேண்டாம்.

வாடகைக்கு எடுப்பதென்றால் மூடி தானாக இறங்குகிறதா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. அதில் மரம் அறுக்கும் பல் ப்ளேடு மாட்டலாமா? கடையில் விற்கிறார்களே.
(ஈரோடு வாசகர்)

வேண்டாம். அது 11,000 சுற்று சுற்றுவது, பலகையில் உட்காரும் அடித்தகடு கிடையாது, ப்ளேடை முழுக்க மூடும் மூடியும் கிடையாது. பல் மரத்தில் சிக்கினால் கையை விட்டுப் பறந்துவிடும். விற்கிறார்கள் என்பது உண்மைதான், அதனால் மாட்டலாம் என்று ஆகாது.

கேள்வி: மைக்கா ஒட்டிய பலகையை அறுத்தால் ஓரம் பொரிந்து பொரிந்து வருகிறது. ப்ளேடு மோசமா?
(கோவை வாசகி)

ப்ளேடு நல்லதாகவே இருக்கலாம். சர்க்குலர் சாவில் முன்பக்கப் பல் கீழிருந்து மேலே ஏறும், அதனால் மேல்பக்கம்தான் பொரியும். கடையில் மேஜை மெஷினில் அறுக்கிறவர் அழகான பக்கத்தை மேலே வைப்பார், அதைப் பார்த்து நீங்களும் வைத்திருப்பீர்கள். நீங்கள் கீழே திருப்பி வையுங்கள். இரண்டு பக்கமும் மைக்கா என்றால் கோட்டின் மேல் கத்தியால் இரண்டு தடவை ஆழமாகக் கீறிவிட்டு, 60 பல் ப்ளேடு போட்டு, அவசரப்படாமல் தள்ளுங்கள். கருகிய வாசனை வந்தால் மட்டும் ப்ளேடைச் சந்தேகப்படுங்கள், அப்போதும் முதலில் ப்ளக்கைப் பிடுங்கி, பல்லில் ஒட்டியிருக்கும் பிசினைத் துடைத்துப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா வீட்டுத் தேக்குக் கதவு ஒன்று மழையில் கிடக்கிறது. சர்க்குலர் சாவில் அறுத்து மேஜை செய்ய ஆசை.
(காரைக்குடி வாசகி)

அம்மா, முதலில் அதை நிழலில் எடுத்து வையுங்கள், தரையில் படாமல் செங்கல் மேல், காற்று போகிற மாதிரி. ஆணி எங்கெங்கே புதைந்திருக்கிறது என்று ஒரு காந்தத்தை நூலில் கட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள், இழுக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பழைய ஆணியில் ப்ளேடு பட்டால் பல் தெறிக்கும், அது கண்ணை நோக்கி வரலாம். ஆணி எடுக்க முடியாத இடத்தை விட்டுத் தள்ளி அறுங்கள். ஆனால் உண்மையிலேயே அறுக்க வேண்டுமா? கதவு முழுசாக இருந்தால் நாலு கால் கொடுத்து மேலே கண்ணாடி போட்டாலே மேஜைதான். ஓரம் உளுத்திருந்தால் அந்த ஓரத்தை மட்டும் எடுங்கள். கதவின் அளவையும் ஒரு படத்தையும் அனுப்பினால் கால் எங்கே வர வேண்டும் என்று வரைந்து அடுத்த இதழில் போடுகிறேன்.