வெளிநாட்டு நிபுணர்கள் வந்து தரும் பயிற்சியால் நம் உணவு ஆய்வாளர்களிடம் ஏதாவது மாறுகிறதா, இல்லை சான்றிதழும் குரூப் போட்டோவும்தானா?

மாறுகிறது. கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். எவ்வளவு மாறும் என்பது யாரை அந்தப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நீங்களே ஏதோ ஓர் ஆய்வுத் துறையில் இருக்கிறீர்கள், பட்டியலில் உங்கள் பெயர் வரவில்லை, போய்வந்தவர் வாட்ஸாப்பில் போட்டோ மட்டும் போட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். அப்படித்தான் என்றால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் பயிற்சியே வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நான் அரசு ஊழியர் இல்லை. தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். படித்தது மீன்வளக் கல்லூரியில். ஆய்வாளர் எங்களைப் பார்க்க வருகிறார் என்றால், நாங்களும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கே நிற்கிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார், எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார் என்பது கம்பெனியில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். "கம்பெனிக்காரி ஆய்வாளரைப் பற்றிப் பேசலாமா" என்று கேட்பவர்கள், படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஐரோப்பாவிலிருந்து தணிக்கைக் குழு வந்தால், கம்பெனியைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் ஊரில் பேசுவார்கள். கம்பெனிக்குள்ளும் வருவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், அது உண்மை. ஆனால் அவர்கள் எடைபோடுவது முக்கியமாக நம் அரசின் ஆய்வு முறையை. ஒவ்வொரு கண்டெய்னரோடும் ஒரு சுகாதாரச் சான்றிதழ் போகிறது. அதில் கையெழுத்துப் போடுபவர் நம் அதிகாரி. மீனைப் பொறுத்தவரை ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலுக்குத்தான் அந்த அதிகாரம். சென்னை, கொச்சி போன்ற ஊர்களில் இருக்கும் அதன் முகமைகள் வழியாக வேலை நடக்கிறது. அங்கே தட்டில் இறாலைப் போட்டுச் சாப்பிடப்போகும் ஒருவருக்கு இந்தக் கையெழுத்துதான் உத்தரவாதம். அதைப் போடுகிறவருக்கு விஷயம் தெரியுமா, கம்பெனிக்குப் பயப்படாமல் எழுதுவாரா, அவர் பின்னால் இருக்கும் லேப் சரியாக இருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

அந்த நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு 1997 சாட்சி. அந்த ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து போகும் மீன் பொருட்களை நிறுத்தியது. நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி என்று பிரிக்கவில்லை, இந்தியா என்று இருந்தால் நிறுத்தம். டிசம்பரில்தான், சரிபார்த்த கம்பெனிகளைப் பட்டியல் போட்டுத் திறந்துவிட்டார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர்கள் அந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போது முதலாளிகளின் நஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள், ஷெட்டில் றால் உரித்துக்கொண்டிருந்த பெண்களைப் பற்றித்தான் சொல்வார்கள். கிலோ கணக்கில் கூலி, றால் வராத நாளில் கூலியும் கிடையாது. ஆக, ஓர் ஆய்வாளரின் திறமை அந்தப் பெண்களின் அடுப்பு எரிவது வரைக்கும் போகிறது. இதனால்தான் ஆய்வாளர் பயிற்சி என்ற பேச்சை யாராவது லேசாக எடுத்துக்கொண்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

2006-லிருந்து ஐரோப்பிய ஆணையம் ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறது. தங்கள் நாட்டு ஆய்வாளர்களோடு, தங்களுக்கு உணவு அனுப்பும் நாடுகளின் ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வேறு நாடுகளும் தங்கள் பங்குக்கு நடத்துகின்றன. அப்படி ஒரு பயிற்சியின் களப் பகுதிக்கு எங்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்கள். எது, எப்போது என்பது வேண்டாம். நம் அதிகாரிகள் ஒரு குழு, கூடவே வெளிநாட்டுப் பயிற்றுநர்கள். அதில் ஒரு பெண்மணி கால்நடை மருத்துவம் படித்தவர், தன் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் ஆய்வு செய்தே வயதானவர். மொழிபெயர்க்க நான் கூடவே நடந்தேன்.

வந்ததும் எங்கள் எம்.டி. அறையில் இளநீர் வைத்திருந்தோம். அதைக் குடித்துவிட்டு, ஃபைல் எதையும் கேட்காமல், சரக்கு இறக்கும் இடம் எங்கே என்றார். பனிக்கட்டியோடு டப்பில் றால் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து தன்னுடைய தெர்மாமீட்டரை எடுத்தார். ஒரு கிண்ணத்தில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் போடச் சொல்லி, அதில் முனையை வைத்து எல்லோருக்கும் காட்டினார். பூஜ்யம் வந்து நின்றது, அதாவது தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் றாலுக்குள் வைத்தார். கூட வந்த அதிகாரிகளில் சிலர் எங்கள் கம்பெனி தெர்மாமீட்டர் காட்டியதை அதற்குள் எழுதி முடித்திருந்தார்கள். அவர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். ஒவ்வொருவராகக் கம்பெனி தெர்மாமீட்டரை அதில் வைத்துப் பார்த்தார்கள். எங்களுடையது சரியாக இருந்தது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சரியாக இருந்தது என்பதை அன்றுதான் அவர்கள் தாங்களே பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்து கோல்ட் ஸ்டோர். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவச் சொன்னார். அதன் லாட் எண்ணை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்க ஆரம்பித்தோம். எந்த ஃப்ரீசர், எந்த ஷிஃப்ட், எந்தக் கிரேடிங் மேசை, எந்த வண்டி, எந்தப் பண்ணையின் எந்தக் குளம். அதற்கப்புறம் ஒரு தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டார். தலையோடு ஆயிரம் கிலோ வனாமி (பண்ணைகளில் வளர்க்கும் றால் வகை) உள்ளே வந்தால், தலை எடுத்த பிறகு 650 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். பதிவேட்டில் 800 என்று இருந்தால் கையெழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எங்கிருந்தோ வேறு றால் உள்ளே வந்திருக்கிறது, சோதிக்காத குளத்து றால்.

இது ஏன் பெரிய விஷயம் என்று இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குளோராம்பெனிகால் மாதிரி தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக்கை ஐரோப்பிய லேப்கள் ஒரு டன் இறாலில் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அளவிலேயே கண்டுபிடித்துவிடும். அறுவடைக்கு முன் குளத்திலேயே மாதிரி எடுத்துச் சோதிப்பது இதற்காகத்தான். சோதித்த குளத்தோடு சோதிக்காத ஒரு டப் கலந்தால் கண்டெய்னரே திரும்பும். 2016-ல் இந்திய வளர்ப்பு இறால் சரக்கில் பத்து சதவீதத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஐரோப்பியர்கள், பாதியைச் சோதிக்க வேண்டும் என்று ஏற்றிவிட்டார்கள். அந்தச் சுமை ஒழுங்காக இருந்த கம்பெனிகளின் தலையிலும்தான் விழுந்தது.

கடைசியாக, றால் உரிக்கும் பீலிங் ஹாலில் போய் நின்றார். கையில் பேனாகூட இல்லை. பேசவும் இல்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் நின்ற ஒரு அக்காவிடம், கையை வெட்டிக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"உடனே சூப்பர்வைசர்ட்ட சொல்லணும் மேடம். அந்தத் தட்டுல கெடக்குற றாலு பூரா தனியா எடுத்து வச்சிருவாங்க. நம்மள மருந்து போட அனுப்பிருவாங்க. கட்டு போட்ட கையோட மறுபடி றால்ல கை வைக்கக் கூடாது."

"யார் சொன்னது?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க, தெனமும் காலைல சொல்லுதீங்கல்லா."

இதை அப்படியே மொழிபெயர்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. வருஷக்கணக்காக ஷிஃப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் நின்று பேசுவதை எந்தப் பதிவேட்டிலும் யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மா நம் அதிகாரிகள் பக்கம் திரும்பி, பயிற்சிப் பதிவேட்டைப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, தொழிலாளியிடம் கேளுங்கள் என்றார்.

"வெள்ளைக்காரர் வந்து சொன்னால்தான் நமக்குத் தெரியுமா" என்று இந்நேரம் சிலர் டைப் செய்ய ஆரம்பித்திருப்பார்கள். நமக்குத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 1957-லிருந்து இருக்கிறது, கல்லூரியில் எங்கள் பேராசிரியர்கள் இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதும், அதே வேலையை வேறொருவர் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதும் வேறு வேறு. அதிகாரிகளில் பலர் இன்னோர் ஆய்வாளர் வேலை செய்வதைப் பார்த்ததே இல்லை. தனியாக வருவார்கள், தனியாகப் போவார்கள்.

அதோடு, இது ஒருவழிப் பாடமும் இல்லை. நைட்ரோஃபியூரான் என்ற, இதுவும் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் வகைக்கு அடையாளமாக செமிகார்பசைடு என்ற ஒன்றைத் தேடுவார்கள். வங்கதேசத்து நன்னீர் இறாலில் நைட்ரோஃபியூரான் எச்சம் இருப்பதாகத் தொடர்ந்து புகார் வந்து, 2009-ல் அந்த நாடு தானாகவே ஐரோப்பாவுக்கு அனுப்புவதைச் சில மாதங்கள் நிறுத்திக்கொண்டது. அப்புறம் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பார்த்தால், மருந்தே போடாத இறாலின் ஓட்டிலும் செமிகார்பசைடு இயற்கையாக இருக்கிறது. அனுப்புகிற நாடும் வாங்குகிற நாடும் பேசிக்கொள்ளாமல் இருந்திருந்தால் ஓட்டையும் சேர்த்து அரைத்துச் சோதித்து, மருந்து போடாத விவசாயியையும் குற்றவாளி ஆக்கிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

சரி, என்ன மாறியது என்ற கேள்விக்கு வருகிறேன். அன்று குழுவில் இருந்த ஓர் இளம் அதிகாரி, பிறகு வழக்கமான ஆய்வுக்கு எங்களிடம் வந்தார். முன்பெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து பதிவேடுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, ஒரு சுற்று வந்து கிளம்பிவிடுவார். இந்த முறை பின் வாசலில், ஐஸ் இறங்கும் இடத்தில் போய் நின்றார். கையில் சொந்தத் தெர்மாமீட்டர். கிண்ணத்தில் ஐஸ் கேட்டார். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் என்னிடம் வந்து, "மேடம், சாருக்கு என்ன ஆச்சு, இன்னைக்கு விட மாட்டாரு போலுக்கே" என்றார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அன்று அவர் எழுதிக்கொடுத்த குறைகள் எல்லாமே உண்மையான குறைகள். தண்ணீர்க் குழாய்களுக்கு நம்பர் போட்டு வரைபடம் வைத்திருப்போம், அதில் இல்லாத ஒரு குழாயை ஐஸ் நொறுக்கும் மெஷின் பக்கத்தில் கண்டுபிடித்தார். புதிதாக இழுத்த லைன், மாதிரி எடுக்கும் பட்டியலில் இன்னும் சேரவில்லை. அந்த வாரமே சேர்த்தோம்.

இனி உங்கள் கோபத்துக்கு. அந்த அதிகாரி கொஞ்ச நாளில் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது அவர் பார்ப்பது மீனே இல்லை. கற்றுக்கொண்டது அவரோடு போய்விட்டது. எனக்குத் தெரிந்த ஒரு லேபில், எச்சப் பரிசோதனை மெஷினை ஓட்டும் பெண் ஒப்பந்த ஊழியர். நள்ளிரவில் மெஷின் நின்றாலும் அவள்தான் ஓட வேண்டும். வெளிநாட்டில் பயிற்சி என்று வந்தபோது, ஒப்பந்தத்தில் இருப்பவரை அனுப்ப விதியில்லை என்று, மெஷின் பக்கமே போகாத சீனியர் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தவரின் நோட்டை வாங்கிப் படித்து அவள் செய்துகொண்டாள். இப்போது அவள் வேலையை விட்டுவிட்டாள். இதில் தவறு பயிற்சி கொடுத்தவர்கள் மேல் இல்லை, பட்டியல் போட்டவர்கள் மேல்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் காலையெல்லாம் நான்கு டிகிரியைத் தாண்டாமல் றாலைக் காத்துவிட்டு, சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனால், வெயிலில் சாக்கின் மேல் கிடக்கும் சூரைமீனைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சூரை மாதிரி மீன் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை மாதிரி உடம்பைப் படுத்தும் நச்சு ஏறும், குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. ஏற்றுமதிக்குப் போகும் சூரையில் ஒரு லாட்டுக்கு ஒன்பது மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய விதி. என் வீட்டுக் குழந்தை சாப்பிடும் மீனுக்கு ஒரு கை ஐஸ்கூட இல்லை. 2018-ல் கேரளத்தில் ஃபார்மலின் மீன் பிடிபட்டபோது, கொச்சி நிறுவனம் உருவாக்கியிருந்த சோதனைப் பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் சோதனைச் சாவடிகளில் நின்றார்கள். பட்டையைத் தேய்த்து நிறம் பார்க்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஏற்றுமதிக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகளை வைத்து, உள்ளூர் மார்க்கெட் பார்க்கும் அலுவலர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்த யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

உங்களுக்கு: பெயர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஐரோப்பிய ஆணையம் தன் தணிக்கை அறிக்கைகளை இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறது. இந்தியா பற்றிய மீன் அறிக்கைகளும் அதில் இருக்கின்றன. ஆய்வில் எதைப் பார்க்காமல் விட்டார்கள், அது ஏன் குறை என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள், அதற்கு நம் தரப்பு என்ன பதில் சொன்னது என்பதையும் பார்க்கலாம். ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, அடுத்த ஆய்வுக்குப் போகும்போது உங்கள் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். ஐஸ் கம்பெனியிலேயே கிடைக்கும்.